கதாநாயகன் கைவைத்த மேசை

மேசையை விற்றுவிட வேண்டும் என்று முடிவெடுத்தவள் மகதலேனா. விற்கிறேன் விற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அதை விற்கவிடாமல் செய்துகொண்டிருந்தவர் அவள் கணவர் இருதயம்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு, செந்தூலில் மகள் ஜானிஸ் வாங்கியிருக்கும் கொண்டோ அடுக்குமாடி வீட்டுக்கு இருவரும் குடிபோக வேண்டும். அங்கே லிஃப்டுக்குள்கூட அந்தத் தேக்கு மேசை நுழையாது. வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே அலுவலக மேசை அது. இருதயத்தின் அப்பா ஏலத்தில் எடுத்தது. ஆனால் இருதயத்துக்கு அந்தப் பழமையெல்லாம் பெரிதில்லை. பல வருடங்களுக்கு முன் உள்ளூர்த் தமிழ்ப் படம் ஒன்றில் நடிக்க அது போய்வந்ததே, அதுதான் பெரிது.

வந்து பார்ப்பவர்களிடம் விலைக்கு முன் கதையைச் சொல்வார். முதலில் வந்தவரிடம், கதாநாயகன் மேசைமேல் கைவைத்தான். அடுத்தவரிடம் ஓங்கிக் குத்தினான். அதற்கடுத்து வந்த பெண்ணிடம், மேசைமேல் ஏறி நின்று இரண்டு அடியாட்களை உதைத்தே தள்ளிவிட்டான். எல்லோரும் மேசையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், மகதலேனா போட்ட தேநீரைக் குடித்தார்கள், போய்விட்டார்கள்.

"அடுத்த ஆளுக்கு ஹெலிகாப்டர் வருமாங்க?" என்று கேட்டாள் மகதலேனா.

"நீ படத்த ஒழுங்கா பார்க்கல லா."

"பார்த்தேனே. நம்ம மேசையில ஒரு வக்கீல் பொணம் கெடக்கும். அத மட்டும் ஏன் யார்கிட்டயும் சொல்ல மாட்றீங்க?"

"சாமான் விக்கிற எடத்துல பொணத்தப் பத்தி எவனாச்சும் பேசுவானா?" என்று அவர் முறைத்தார்.

சனிக்கிழமை காலை போர்ட் கிள்ளானிலிருந்து சுகுமாறன் வந்தார். கொள்கலன் லோரி கம்பெனியில் வேலை. ஐம்பதைத் தாண்டிய ஆள், நல்ல உயரம். கூடவே மனைவி குமுதாவும் வந்திருந்தாள். இருதயம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இந்த முறை உதை வாங்கியவர்கள் நான்கு பேர். சுகுமாறன் கை கட்டிக்கொண்டு முழுதும் கேட்டார்.

"அண்ணே, அங்க ஒருத்தர் செத்துக் கெடப்பாரே?"

"சே சே, நம்ம மேசையில சாவெல்லாம் கெடையாது."

"நான்தாண்ணே அது."

சொன்னவர் அப்படியே மேசைமேல் கவிழ்ந்தார். இடது கன்னம் பலகையில் பதிந்தது, ஒரு கை விளிம்பில் தொங்கியது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. மகதலேனா நெஞ்சில் கைவைத்தாள்.

"ஐயோ, அவரேதாங்க! வக்கீல் பொணம்!"

இருதயத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மேசை விளிம்பைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிட்டேன் தம்பி."

"பரவால்லண்ணே. அந்த உதையெல்லாம் இருந்திருந்தா படம் ஓடியிருக்கும்."

மகதலேனா வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு விநாடி தாமதித்து இருதயமும் சிரித்துவிட்டார்.

"இவர் நடிச்ச ஒரே படம் அக்கா," என்றாள் குமுதா. "வசனம் இல்லாததுனால நல்லா செஞ்சாரு. தியேட்டர்ல எங்க அத்தை, இவரோட அம்மா, ஓன்னு அழுதுட்டாங்க. பக்கத்துலயே இவரு உக்காந்து கச்சான் கடலை தின்னுக்கிட்டிருக்காரு, அவங்க திரையப் பார்த்து அழறாங்க."

"அம்மா இப்ப உயிரோட இல்ல," என்றார் சுகுமாறன், எழுந்து சட்டையைச் சரிசெய்தபடி. "அன்னிக்குப் பூரா மூச்ச அடக்கிக்கிட்டு இதுலதான் படுத்திருந்தேன். இது முன்னால கண்ணத் தொறந்துக்கிட்டு ஒரு தடவ உக்காரணும்ணே. அவ்வளவுதான் ஆசை."

இருதயம் உள்ளே போனார். தன் நாற்காலியை இழுத்துவந்து போட்டார். சுகுமாறன் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் அகல வைத்து, பெரிய வக்கீலைப் போல நிமிர்ந்தார். குமுதா அவரைப் படம் எடுத்தாள். விலை பேசும்போது மகதலேனா கண்ணைக் காட்டுவதற்கு முன்பே இருதயம் தானாகக் குறைத்துச் சொன்னார். அது அவருக்குப் பழக்கமே இல்லாத காரியம்.

மறுநாள் லோரி வந்தது. வாசல் கதவைக் கழற்றித்தான் மேசையை வெளியே எடுக்க முடிந்தது. ஒரு மூலையை நானும் பிடிப்பேன் என்று அடம்பிடித்தார் இருதயம். பிடித்தாரா, அதில் சாய்ந்துகொண்டாரா என்று மகதலேனாவுக்குச் சந்தேகம். லோரி தெருமுனையில் திரும்பும்வரை அவளும் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜானிஸ் எஸ்பிஎம் பரீட்சை வரை படித்தது அந்த மேசையில்தான்.

செந்தூலுக்குக் குடிபோன வாரத்தில் குமுதா போன் செய்தாள்.

"மேசைய ஜன்னலோரமா போட்டாச்சுக்கா. தையல் மெஷின் வெச்சிருக்கேன், துணியெல்லாம் வெட்ட ரொம்ப வசதியா இருக்கு."

"தம்பிக்கு?"

"ஒரு ஓரம் குடுத்திருக்கேன்."

மகதலேனா அதைக் கணவரிடம் சொன்னாள். புது வீட்டு அலமாரியில் தனக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே தட்டில் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தார் இருதயம்.

"ஓரமே கெடைச்சிருச்சா?" என்றார் பொறாமையோடு. "கெட்டிக்காரன் லா."