சிலுவையடியில் ஒரு நாற்காலி

ஓய்வுபெற்ற நர்ஸ் நின்றுகொண்டுதான் எழுதுவாள். வார்டில் ஊறிப்போன பழக்கம் அது. "உட்கார்ந்து எழுதினா பேனா ஓடாதா?" என்று கணவர் கிண்டலடிப்பார்.

கல்யாணத்துக்கு முன் கதை எழுதிய கை அது. அவள் வேலை பார்த்த வார்டிலேயே மகன் கண்மூடிய பிறகு கதையும் போச்சு, ஜெபமும் போச்சு. இப்போது போதகர் விடாப்பிடியாகக் கேட்டதால்தான், சிலுவையடியில் நின்ற தாயைப் பற்றிச் சபையில் வாசிக்க எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டாள்.

சமையல் மேடையில் தாளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். 'துடித்தாள்', 'கதறினாள்' என்று எழுதி எழுதி அடித்தாள். எல்லாம் பொய்யாகப் பட்டது. வார்டுக் குறிப்பேட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதித்தானே அவளுக்குப் பழக்கம்! கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

'தாய் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.'

கணவர் வாங்கிப் படித்தார். "ஏம்மா, பைபிள்ல நாற்காலி எங்க வருது?"

"வார்டுக்கு எந்தத் தாய் வந்தாலும் முதல்ல நாற்காலிதான் இழுத்துப் போடுவேன். நம்ம பிள்ளை போன அன்னைக்கு நான் யூனிஃபார்ம்ல இருந்தேன். எல்லாரும் என்னை நர்ஸாவே பார்த்துட்டாங்க. ஆண்டவருக்குக்கூடக் கண்ணு இல்லையான்னு இருந்துச்சு. அவரோட அம்மாவும் நின்னுக்கிட்டேதான் இருந்தாங்கன்னு இப்பத்தாங்க உறைச்சுது."

கணவர் கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்குப் பின்னால் வைத்தார்.

அவள் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.