கூட்டு வாசிப்பை நிறுத்திய நாள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. போர்ட் பிளேரில் நான் போகும் இந்தி மாலை வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில் உட்காரும் ஜெயராணி அக்காவுடையது. அவர் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறார். அலுவலகச் சுற்றறிக்கைகள் இந்தியில் வருவதால் இந்தி படிக்க வந்தார். வகுப்பு முடிந்து ஒரே பஸ்ஸில்தான் திரும்புவோம். 2007 மழைக்காலத்தில், அந்தப் பஸ்ஸில், இதைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

"எழுதிக்கட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"எழுதிக்க. ஆனா என்னைய நல்லவளா எழுதிப்புடாத" என்றார்.

எனக்கு நாட்குறிப்பு எழுதிப் பழகிய கை. நடந்ததை நடந்த வரிசையில் வைப்பேன். கதைக்கு அது போதுமா என்று தெரியவில்லை. முதல் வரியாக இவற்றை எழுதிப் பார்த்தேன்:

(அ) அன்று கடல் அமைதியாக

(ஆ) சுனாமி வந்து போய் இரண்டு வருடம் கழித்து ஒரு

(இ) ஜெயராணியின் அக்கா செல்லம், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில்

மூன்றும் பாதியில் நின்றன. கடலிலிருந்து தொடங்கினால் கடைசி வரை கடல்தான் பேசும், மற்றவர்களுக்கு இடம் கிடைக்காது. இது ஆசிரியர் அறை மேஜையில் விரித்த ஒரு சார்ட் பேப்பரிலிருந்து தொடங்க வேண்டிய கதை.

[நேரில் அவர் எனக்கு 'அக்கா', 'அவர்'. கதைக்குள் 'அவள்' என்று எழுதினால்தான் பக்கத்தில் போக முடிகிறது. அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.]

2

சார்ட் பேப்பரில் நான்கு கட்டங்கள்: கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல். அடுத்த பருவத்தில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பீரியட்டில் எந்த வாரம் என்ன நடக்க வேண்டும் என்று நிரப்ப வேண்டும். தமிழ்ப் பிரிவு உள்ள மற்றப் பள்ளிகளுக்கும் இதே திட்டம்தான் போகும். மேஜையைச் சுற்றி மூன்று பேர். தலைமையாசிரியர் தேவேந்திரன், இராமநாதபுரத்துக்காரர். இன்னொரு தீவிலுள்ள ரங்கத் ஊரிலிருந்து மாற்றலாகி வந்த சித்ரா, இரண்டாம் வகுப்பு ஆசிரியர். மூன்றாவது ஜெயராணி.

எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. 'படித்தல்' மட்டும் மிச்சம்.

"இனிமே கூட்டு வாசிப்பு வேணாம். ஒவ்வொரு பிள்ளையா எந்திரிச்சு வாசிக்கட்டும்" என்றார் தேவேந்திரன்.

ஜெயராணி கையிலிருந்த ஸ்கெட்ச் பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள்.

கூட்டு வாசிப்பு இங்கே எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சுனாமி அலைக்குப் பிறகு தகரக் கொட்டகையில் பள்ளி நடந்தது. புத்தகங்களை எல்லாம் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே புத்தகம். ஒருவர் ஒரு வரி வாசிப்பார், எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். மழை தகரத்தில் விழும்போது மழையை மீறிக் கத்துவார்கள். அப்புறம் சென்னையிலிருந்து கப்பலில் புத்தகங்கள் வந்தன. பிள்ளைக்கு ஒன்று. பள்ளியும் காரைக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. கத்துவது மட்டும் நிற்கவில்லை.

3

ரூபாவைப் பற்றி இப்போதே சொல்லியாக வேண்டும். தள்ளிப்போட்டால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும்.

ரூபா, ஜெயராணியின் அக்கா செல்லத்தின் மகள். கச்சாலில் செல்லமும் அவள் கணவனும் அலையோடு போனார்கள், ரூபா மிஞ்சினாள். ஜெயராணி அவளைக் கூட்டிவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். வீட்டில் அவளுக்கு இவள் சித்தி, வகுப்பில் டீச்சர். ஆனால் இரண்டில் எதையும் அந்தப் பிள்ளை வாய் திறந்து சொன்னதில்லை. சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவாள். வேண்டாம் என்றால் தட்டை நகர்த்துவாள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியதில் தொண்டையில் கோளாறு இல்லை என்றார்கள்.

ஒரு நாள் ஜெயராணி வகுப்புக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் பிள்ளைகள் சேர்ந்து வாசித்தார்கள். அந்த இரைச்சலுக்குள் ஒரு குரல். செல்லத்தின் குரல். சாக்பீஸ் ஒடிந்தது. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயந்து, எழுதியதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதினாள்.*

* இதை அவர் சொன்னபோது பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "எங்க அக்கா மாதிரியே இருந்திச்சி" என்று மட்டும்தான் சொன்னார். சாக்பீஸ் நான் சேர்த்தது.

அதன் பிறகு தினமும் வாசிக்க வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். பார்க்காதபோது அந்தக் குரல் வரும். கூட்டம் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

பள்ளியில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் அந்த மேஜையில் யாரும் ரூபாவின் பெயரை எடுக்கவில்லை.

4

தேவேந்திரனை முதல் வரைவில் பிரம்போடு எழுதியிருந்தேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், மேஜையைத் தட்டுவார். படித்துக் காட்டியதும் ஜெயராணி அக்கா சிரித்துவிட்டார். "சாரா? அவரு பிரம்பெடுத்து யாரு பாத்தது? கொட்டகை கொட்டகையா சாக்பீஸ் மூட்டையத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச மனுசன் அவரு. கூட்டு வாசிப்ப ஆரம்பிச்சதே அவருதான்."

பிரம்பைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கியதும் கதை கடினமாகிவிட்டது. அவர் சொல்வதில் நியாயம் வந்துவிட்டது.

"படித்தல்ல வேணாம்னா எடுத்துருங்க சார். பேசுதல்ல வச்சுக்குவோம்" என்றாள் ஜெயராணி.

"சேந்து சொல்றது எப்படி டீச்சர் பேச்சாகும்? பேசுனா எதுக்க ஒரு ஆளு பதில் சொல்லணும்ல?"

"அப்போ ரெண்டையும் வைங்க. பாதி நேரம் அது, பாதி நேரம் இது."

சித்ரா சிரித்தாள். "அரே, ஒரு பீரியட்ல எவ்ளோதான் அடைப்பீங்க? ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுன்டர் கூட்டம் மாதிரி ஆயிரும். நாற்பது பிள்ளைங்க ஒண்ணொண்ணா வாசிக்கவே டைம் பத்தாது டீச்சர்."

"கொட்டகைல புத்தகம் இல்ல. அதுக்கு நான் ஆரம்பிச்சேன்" என்றார் தேவேந்திரன் மெதுவாக. "இப்ப புத்தகம் இருக்கு. நான்தான நிறுத்தணும்?"

5

[இந்த இடத்தில் மழை பெய்வதாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பேச்சே போதும்.]

சித்ரா தன் நாற்காலியை ஜெயராணி பக்கம் இழுத்துப் போட்டாள். "நீங்க லீவு போட்ட அன்னிக்கு உங்க கிளாஸுக்கு நான்தான் போனேன். புத்தகத்த மூடச் சொன்னேன். மூடிட்டும் பாடம் ஓடுது, நிக்கவே இல்ல. கடைசி வரி வரைக்கும் மனப்பாடம். சரின்னு நடத்தாத பாடத்த எடுக்கச் சொன்னேன். அவ்ளோதான், எல்லாம் சைலன்ட். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியல டீச்சர், பாதிப் பேருக்கு மேல. ஒரு பொண்ணு அழுதுருச்சு."

ஜெயராணிக்கு இது புதிதாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தினமும் முதுகைத் திருப்பி ஒரே ஒரு குரலைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு மற்ற முகங்கள் எங்கே தெரிந்திருக்கும்? இதை அவர் சொல்லவில்லை. 'என்னைய நல்லவளா எழுதிப்புடாத' என்றாரே, அதை வைத்து எழுதுகிறேன். தவறாகவும் இருக்கலாம்.

"ரூபாகிட்டயும் அதே பக்கத்தக் குடுத்தேன்" என்றாள் சித்ரா.

அந்த அறையில் முதல்முறையாக அந்தப் பெயர். தேவேந்திரன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஏன் குடுத்தீங்க?" ஜெயராணியின் குரல் உயர்ந்துவிட்டது.

"திட்டாதீங்க டீச்சர், கேளுங்க. வாயே திறக்கல. ஆனா விரல் வச்சுச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் நகருது. ஒரு எடத்துல சிரிப்பு வர்ற மாதிரி ஒரு வரி. அங்க வந்ததும் ஒதட்ட மடிச்சுக்கிச்சு. அது படிக்குது டீச்சர். நடத்தாத பாடத்த முழுசாப் படிக்குது. குரல் இருக்கிற பிள்ளைங்கதான் படிக்கல."

பிறகு தேவேந்திரன் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.

"கிளாஸ் ஒங்களது. கூட்டு வாசிப்புன்னு எழுதுனாலும் சரி, தனி வாசிப்புன்னு எழுதுனாலும் சரி. நான் கையெழுத்துப் போடுறேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் ஜெயராணிக்கு ஒரு யோசனை தோன்றுகிறது: இரண்டிரண்டு பிள்ளைகளாக, ஒருவர் காதுக்குள் ஒருவர் வாசிப்பது. ரூபா பக்கத்துப் பெண்ணின் காதில் வாசிக்கிறாள். எல்லோருக்கும் நல்லது நடக்கிறது. இதை எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் சந்தேகத்தைக் கொடுத்தது. அன்று அந்த மேஜையில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. என் வசதிக்காக அவர்களுக்கு நான் தோன்ற வைக்கக் கூடாது.

இரண்டாவதில் அவள் 'கூட்டு வாசிப்பு' என்று எழுதுகிறாள். தினமும் திரும்பி நிற்கிறாள். செல்லத்தின் குரல் வருகிறது. பருவம் முடிகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் சத்தமாக நான்காம் வகுப்புக்குப் போ

முடிக்க மனம் வரவில்லை. ஆனால் அவள் அப்படி எழுதியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

மூன்றாவது, நடந்தது. "தனி வாசிப்புன்னு எழுதிட்டேன்" என்றார் அக்கா, பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டே. "கட்டத்துக்குள்ள அடங்கல. வெளிய வந்திருச்சி எழுத்து." பிறகு, "திங்கக்கெழமையிலருந்து" என்றார். நிறுத்தம் வந்தது. இறங்கிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகும் மாலை வகுப்புக்கு வந்தார். என் முன் பெஞ்சில்தான் உட்கார்ந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கேட்காமலே இருப்பது மரியாதையா கோழைத்தனமா என்று நாட்குறிப்பில் இரண்டு பக்கம் எழுதினேன். முடிவுக்கு வர முடியவில்லை.

7

ஆகையால் இனி வருவது நான் பார்க்காதது.

திங்கட்கிழமை. ஜெயராணி கரும்பலகைக்குத் திரும்பவில்லை. நாற்காலியை வகுப்பைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்திருக்கிறார்கள். ஒருத்தி திணறுகிறாள். ஒருவன் ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிடுகிறான். ஜெயராணி ஒவ்வொருவருக்கும் காத்திருக்கிறாள், அவசரப்படுத்தவில்லை. அந்தப் பிள்ளைகளின் தனிக்குரல்களை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள். அடுத்த பெஞ்சு. அதற்கடுத்த பெஞ்சு.

அங்கே உட்கார்ந்திருப்பவளைத் தாண்டிப் போய்விடலாம். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

"ரூபா" என்று கூப்பிட்டாள்.

பிள்ளை எழுந்து நின்றாள். புத்தகத்தில் விரலை வைத்தாள்.

இதற்கு மேல் நான் எழுதினால், அந்தப் பிள்ளையின் வாய்க்குள் நான் பேசியதாகிவிடும். பேசவில்லை என்று எழுதினாலும் அதே குற்றம்தான். விரல் இருந்த வரியை மட்டும் கீழே எழுதுகிறேன். வாய்விட்டுப் படிப்பதும் மனசுக்குள் படிப்பதும் உங்கள் விருப்பம். எதைச் செய்தாலும் கொஞ்சம் மெதுவாகச் செய்யுங்கள். எதிரே ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் ஒரு சேவல் உண்டு. அது விடியும்போது கூவும். நாங்கள் எல்லோரும் எழுந்துவிடுவோம்.