அழாத பிள்ளை

சூறாவளிக்குப் பிறகு ஓலைத்தொடுவாய் ஊர்ச் சனம் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமையாக இருந்தது: அன்ரோனெற்றுக்குப் பொய் சொல்வதில். பிணமாகக் கரையொதுங்கிய மீனவன் பஸ்ரியனை அடக்கம் செய்த அன்று, அவனுடைய ஏழு வயது மகள் அன்ரோனெற்றைப் பெரியம்மா றஞ்சிதம் நானாட்டானுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். திரும்பி வந்தவளிடம் தாய் மாக்கிறட், "அப்பா இன்னும் கடலிலதான் நிக்கிறார் பிள்ளை. காத்து மாறினதும் வருவார்" என்றாள். பிள்ளை தாங்காது என்று நினைத்தாள். சொல்லத் தனக்குத்தான் தெம்பில்லை என்பதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர் போனவர் எல்லாம் "நல்ல பிள்ளை" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். நல்ல பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. நித்திரையில் பாயை நனைத்தது. காலில் முள்ளுக் குத்தி இரத்தம் வந்தபோதும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. இதையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று மாக்கிறட் பயந்தாள்.

ஒருநாள் மதியம் மீன் கழுவிக்கொண்டிருந்தவளுக்குப் புருஷன் நினைவு வந்தது. வாய்விட்டு அழுதாள். முற்றத்திலிருந்து ஓடிவந்த அன்ரோனெற் இரண்டு கையாலும் தாயின் வாயைப் பொத்தினாள்.

"அழாதேங்கோ அம்மா. வள்ளம் கடலில நிக்கேக்க வீட்டில அழக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நானும் அழுறேல்லை. அழுதால் அப்பா வரமாட்டார்."

இந்தக் கரையில் எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். மாக்கிறட்டுக்கு அவள் தாய் சொன்னது. ஆனால் தகப்பனை உயிரோடு கரை சேர்க்கிற பாரத்தை இந்தச் சின்னத் தலையில் ஏற்றிவிட்டது அவளுடைய பொய். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

பிள்ளையை மடியில் இருத்தினாள். "அப்பா கடலில இல்லை, குஞ்சு. வள்ளம் கவிண்டுபோச்சு. அப்பா செத்துப்போனார். சேமக்காலையில அடக்கம் செய்தாச்சு. அம்மா உனக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

பிள்ளை மெல்லக் கேட்டது:

"காத்தடிச்ச அண்டைக்கு நான் பயத்தில அழுதிட்டன். அதாலயோ?"

"இல்லை ராசாத்தி. காத்தாலதான். நீ அழுததால ஒண்டும் நடக்கேல்லை."

"அப்ப இனி அழலாமோ?"

"ஓம்."

அன்ரோனெற் அழுதாள். அத்தனை நாளும் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். சத்தம் கேட்டு ஓடிவந்த றஞ்சிதம், "அழாத பிள்ளை, அப்பா வருவார்" என்று தொடங்கினாள். மாக்கிறட் கையைக் காட்டி மறித்தாள்.

"விடுங்கோ அக்கா. அழட்டும்."