ஆபீஸ் வேலை என்று சொன்ன மெக்கானிக்

மெக்கானிக்குக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. காது கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலை ஆட்டு ஆட்டென்று ஆட்டிக்கொண்டிருந்தார். "சும்மா இருங்களேன்" என்று மனைவி தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். கால் நின்றது, விரல்கள் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தன.

காது மிஷின் மாட்டி மூன்று நாள்தான் ஆகிறது. பஸ் டிப்போவில் ஒருத்தருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. இருபத்தாறு வருஷமாக அங்கே அவருக்கு 'ஸ்டெதாஸ்கோப்' என்று பட்டப்பெயர். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள். அவருக்கே காது மந்தம் என்றால் மானம் கப்பலேறிவிடாதா? பிடித்து ஸ்டோர் ரூமில் போல்ட் எண்ண உட்கார வைத்துவிடுவார்கள். அதனால்தான் காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிற சின்ன மிஷினாகக் கேட்டு வாங்கினார்.

காது டெஸ்ட் எடுக்கும் அம்மா மிஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"சுத்தமா கேக்காதவங்களுக்கு இது பத்தாது சார். உங்களுக்கு அப்படியில்ல. கனமான சத்தம் ஓரளவு கேக்குது, மெல்லிசா கீச்சுன்னு வர்றதுதான் விழல. அதை மட்டும் இதுல ஏத்தி வச்சிருக்கேன். அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி. அப்புறம், ஃபேன் மாதிரி நிக்காம ஓடுற இரைச்சல் வந்தா தானாவே அமுக்கிட்டுப் பேச்சை மட்டும் விடும். ஆபீஸ்ல உக்கார்ற வேலைன்னு சொன்னீங்கல்ல, அதுக்கேத்த மாதிரி வச்சேன். ஆனா தினமும் அஞ்சு மணி நேரம் பெரிய இரைச்சல்ல இருந்ததா காட்டுதே?"

"எந்த ஆபீஸ்?" என்றாள் மனைவி.

மெக்கானிக்குக்குக் காலையில் பார்த்த வண்டி ஞாபகம் வந்தது.

காலையில் மலைப்பாதை வண்டியின் டிரைவர் வந்து, பின் சக்கரத்தில் ஒரு முனகல் வருகிறது என்றான். வண்டியை டிப்போவுக்குள் ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, அந்தச் சக்கரத்துக்கு மேல் சீட்டில் உட்கார்ந்து கேட்டார். ஒன்றுமே இல்லை. "பிரமைடா, எடுத்துட்டுப் போ" என்று கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். சக்கரத்துப் பேரிங் போனால் வருவதும் நிக்காம ஓடுகிற சத்தம்தானே. பாழாய்ப்போன மிஷின் அதைத்தான் அமுக்கியிருக்கிறது. மிஷினைச் சொல்லி என்ன, வாய் கூசாமல் பொய் சொன்னவர் இவர்.

எழுந்து வராந்தாவுக்கு ஓடினார். போனை எடுத்தார், வைத்தார். ஒருவேளை நிஜமாகவே சத்தம் இல்லாமலும் இருக்கலாம். சொல்லிவிட்டால் இருபத்தாறு வருஷப் பெயர் இன்றோடு போச்சு. வாசல் வரை நடந்தார், திரும்பினார். வண்டி இந்நேரம் ஏற்றத்தில் பாதி தாண்டியிருக்கும். உள்ளே நாற்பது பேராவது இருப்பார்கள். டிப்போ மேனேஜரைக் கூப்பிட்டார்.

"மலை வண்டிய நிறுத்தச் சொல்லுங்க சார்."

"நீங்கதானய்யா பாஸ் பண்ணீங்க. என்ன காரணம்?"

"எனக்குக் காது சரியா கேக்காது சார். மிஷின் மாட்டியிருக்கேன். அது அந்தச் சத்தத்தை மறைச்சிருக்கும். நிறுத்தச் சொல்லுங்க."

"சரி" என்றார் மேனேஜர். லைன் துண்டானது.

அதற்கப்புறம் அந்த வராந்தாவை அவர் எத்தனை தடவை அளந்தாரோ. மனைவியும் பின்னாலேயே நடந்தாள். இருபது நிமிஷம் கழித்து டிரைவர் கூப்பிட்டான்.

"ஓரங்கட்டிட்டேண்ணே. எல்லாரையும் இறக்கியாச்சு."

"சத்தம் வந்துச்சாடா?"

"காலைலேருந்து வருதுண்ணே. ஏற ஏற ஜாஸ்தியாச்சு. இப்ப வீல் பக்கம் கை வைக்க முடியல, அப்படிச் சுடுது."

"அப்புறம் ஏன்டா ஓட்டின?"

"நீங்களே இல்லைன்னுட்டீங்களேண்ணே. என் காதுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."