அலமாரி அட்டை

பிள்ளைகள் படித்துப் பழகட்டும் என்று கதவு, நாற்காலி, அலமாரி என வகுப்பிலிருந்த அத்தனையிலும் பெயர் அட்டை ஒட்டியிருந்தார் ஒன்றாம் வகுப்பு டீச்சர். இரண்டு மாதமாகத் தொண்டை வற்றக் கத்தியும் கடைசி பெஞ்சுக்காரி மட்டும் வாயே திறக்கவில்லை.

அன்று வகுப்பைப் பார்வையிட்ட தலைமையாசிரியர் வெளியேறியபோது, அவருடைய அகன்ற முதுகில் ‘அலமாரி’ என்ற அட்டை ஒட்டியிருந்தது. டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“யாரு பார்த்த வேலை இது?”

கடைசி பெஞ்சுக்காரி எழுந்தாள். “முதல்ல நாற்காலி அட்டையைத்தான் எடுத்தேன் டீச்சர். சாருக்கு அது பத்தாது.”

அடிப்பாவி, படிக்கத் தெரிந்திருக்கிறதே! டீச்சர் அவளை அப்படியே அள்ளிக்கொண்டார். அந்தப் பூரிப்பில் அட்டையை மறந்தே போனார்.

மாலையில் தலைமையாசிரியர் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். “நான் தாண்டிப் போனா போதும், எல்லா வகுப்புலயும் எழுத்துக்கூட்டிப் படிக்குதுங்க. எல்லாம் என்மேல இருக்கிற பயம் டீச்சர்!”