இடது கால் சாம்பிள்

மனித நாகரிகம் நெருப்பாலும் சக்கரத்தாலும் நிற்கவில்லை; எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று துணிந்து சொல்லும் ஒரு சிலரால்தான் நிற்கிறது. துறைமுகச் சுங்க அலுவலகத்தின் மூத்த மதிப்பீட்டாளர் இதைச் சொல்லும்போதெல்லாம் மேசைக்கடியில் கழற்றிப்போட்ட தோல் ஷூவைக் காலால் துழாவிக்கொண்டிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் காலில் எதுவும் இருக்கக் கூடாது அவருக்கு.

அலுவலகத்தில் அவருக்கு ‘அறுபத்துநாலு’ என்று பெயர். தீர்வைப் பட்டியலில் காலணிகளுக்கான அத்தியாயத்தின் எண் அது. “கலைகள் அறுபத்துநாலுன்னு சொல்றாங்களே, அதெல்லாம் பொழுதுபோக்கு. இந்த அறுபத்துநாலுதான் படிப்பு” என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தலையாட்டி வைப்பார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஷூவுக்குச் சாம்பிள் எடுத்தால் ஜோடியாக எடுக்க மாட்டார்கள். இடது கால் மட்டும்தான். முன்பெல்லாம் ஜோடியாகத்தான் எடுத்தார்கள். ஆய்வு முடிந்த சாம்பிள்கள் அதிகாரிகளின் கால்களில் ஊருக்குள் நடமாட ஆரம்பித்த பிறகு இந்த ஏற்பாடு வந்தது. அதற்கான சுற்றறிக்கையை எழுதியவரே அறுபத்துநாலுதான். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் தலைக்கு மேலே மாட்டியிருந்தார்.

அந்தச் சட்டத்துக்குக் கீழே ஒரு நாள் அவருடைய தங்கை கணவர் வந்து உட்கார்ந்தார். இருந்த கடையை விற்று, மனைவியின் நகையை வைத்து, ஒரு கன்டெய்னர் நிறைய விளையாட்டு ஷூ இறக்குமதி செய்திருந்தார். ஆறாயிரம் ஜோடி. கல்லூரிகள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தன. சரக்கு வெளியே வந்தால் குடும்பம் எழுந்து நிற்கும். வராவிட்டால் எழுந்து நிற்க இடமே இருக்காது.

“சொந்தக்காரர் சரக்கு சார். வேற ஆள்கிட்ட மாத்திடட்டுமா?” என்று தட்டச்சர் கேட்டாள்.

“மாத்தினா பாசத்துல ஒதுங்கிட்டான்னு பேசுவாங்க. நானே பாக்கறேன். அப்பத்தான் நாலு பேருக்குத் தெரியும்.”

“என்ன சார் தெரியும்?”

“நான் யாருன்னு.”

தங்கை கணவர் சாம்பிள் ஷூவை மேசைமேல் வைத்தார். கறுப்பு நிறம். “துணி ஷூ மச்சான். தொட்டுப் பாருங்க, காத்து உள்ள போயிட்டு வரும்.”

“தொட்டுப் பாக்கறவன் வியாபாரி மாப்பிள்ளை. அளந்து பாக்கறவன்தான் அதிகாரி.” அறுபத்துநாலு ஷூவைத் தூக்கிப் பிடித்துப் பென்சிலால் சுட்டிக்காட்டினார். “மேல்பாகத்துல எது அதிக இடம் பிடிக்குதோ அதான் கணக்கு. துணி அதிகம்னா துணி ஷூ. பிளாஸ்டிக் அதிகம்னா பிளாஸ்டிக் ஷூ. தீர்வை ரெண்டு மடங்கு. அதோட துணின்னு எழுதிக் குடுத்தது பொய்க் கணக்கு.”

“பொய் எதுக்கு மச்சான் சொல்றேன்?”

“பொய் சொல்றவங்க எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேக்கறாங்க.”

டீ வந்தது. டம்ளருக்கு இடம் வேண்டுமே என்று ஷூவை மேசைக்கடியில் வைத்தார். பிறகு அரை மணி நேரம் நேர்மையைப் பற்றிப் பேசினார். மேசைக்கடியில் இன்னொரு ஜோடியும் கிடந்தது. தினம் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மாலை நடைக்காக அவர் வாங்கி வைத்த ஷூ. அதுவும் கறுப்பு. பளபளக்கிற பிளாஸ்டிக். இரண்டு வருடம் உழைத்த களைப்பு அதன் முகத்தில் தெரியும்.

பேச்சு முடிந்ததும், உதவியாளர் கையை நம்பாமல், தானே குனிந்தார். முழுதாகக் குனியவும் இல்லை, வயிறு விடாது. கையை மட்டும் உள்ளே விட்டு, அகப்பட்ட இடது ஷூவை எடுத்து, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பையில் போட்டுக் கட்டி, அரக்கு வைத்து, மூன்று இடத்தில் கையெழுத்திட்டார். பை ஆய்வகத்துக்குப் போனது.

அன்று மாலை நடக்கும்போது இடது ஷூ கொஞ்சம் தளர்ந்திருந்தது. நடையின் பலன் என்று மகிழ்ந்தார். உடம்பு இளைக்க ஆரம்பித்துவிட்டது, இடது காலிலிருந்து. அடுத்த வாரம் டாக்டரிடமே சொன்னார். டாக்டர் அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் ஆய்வறிக்கை வந்தது. மேல்பரப்பில் பிளாஸ்டிக் எண்பத்தொரு சதவீதம். அளவு எட்டு. குதிகால் வெளிப்புறமாகத் தேய்ந்துள்ளது. உட்புறம் வியர்வைப் படிவு. பயன்படுத்திய காலணி. ஓரத்தில் ஆய்வகக்காரர் பென்சிலால், ‘பையைத் திறந்தே வைக்க முடியலை’ என்றும் எழுதியிருந்தார்.

அறுபத்துநாலு எழுந்து நின்று அதை அலுவலகத்துக்கே வாசித்துக் காட்டினார். “பழைய ஷூ! எவனோ போட்டு நாறடிச்சதைப் புதுசுன்னு புள்ளைங்க கால்ல மாட்டப் பாத்திருக்காங்க. குதிகாலைப் பாரு, தரையில தேச்சுத் தேச்சு நடந்திருக்கான். இவனெல்லாம் குளிக்கிற ஜென்மமா?”

தங்கை கணவர் அன்றைக்கே ஓடி வந்தார். “மச்சான், என் சரக்குல ஒன்பதும் பத்தும்தான் இருக்கு. எட்டாம் நம்பரே கிடையாது. ஒரே ஒரு பெட்டியைத் திறந்து பாருங்க.”

“ஆய்வு முடிஞ்சது மாப்பிள்ளை. அதுக்கப்புறம் பெட்டிக்குள்ள என்ன இருந்தா எனக்கென்ன?”

“கண்ணால பாக்கக்கூட மாட்டீங்களா?”

“கண்ணு பாசம் காட்டும். காகிதம் காட்டாது.”

மறுநாள் காலையில் தங்கை வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. “அண்ணா, ஒரு பெட்டியைத் திறக்க உன் கை வலிக்குதா?”

“கை வலிக்கலைம்மா. சட்டத்துக்கு வலிக்கும்.”

“சட்டத்துக்கு நீ அண்ணனா, எனக்கா?”

அவர் நாளிதழை மடித்தார். “அழறதா இருந்தா வாசல்ல நின்னு அழு. நான் யாருக்கும் வளைஞ்சு குடுக்கலைன்னு நாலு பேர் பாக்கட்டும்.”

அவள் அழவில்லை. “நாலு பேர், நாலு பேர்ங்கறியே. அந்த நாலு பேரும் கடைசியில உன்னைத் தூக்கத்தான் வருவாங்க. அப்ப நான் வர மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். சுவையான விஷயமாக இதையும் அவர் அலுவலகத்தில் சொன்னார்.

பயன்படுத்திய காலணி நோய் பரப்பும். எனவே சரக்கு முழுவதையும் எந்திரத்தில் போட்டுத் துண்டாக்கி அழிக்க வேண்டும். இறக்குமதி உரிமத்தையும் ரத்து செய்ய வேண்டும். அறுபத்துநாலு எழுதிய குறிப்பில் மேலதிகாரி படிக்காமல் கையெழுத்திட்டார். அறுபத்துநாலு எழுதியதை யாரும் படிப்பதில்லை, அவ்வளவு நம்பிக்கை.

அழிப்பதற்கு முந்தின நாள் மாலை, வழக்கம்போல் நடை ஷூவை அலுவலகத்தில் விட்டுவராமல், நேராக வீட்டுக்கு வந்து வாசலில் கழற்றினார். அதை ஒதுக்கி வைக்கக் குனிந்த மனைவி அப்படியே நின்றாள்.

“என்னங்க இது கோலம்? ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. ஒண்ணு பிளாஸ்டிக், ஒண்ணு துணி.”

“என்ன உளர்றே?”

“நான் உளர்றேனா? கால் இளைச்சுப்போச்சுன்னு மாத்திரை தின்னது யாரு?”

அவர் இடது ஷூவை வாங்கி அதன் நாக்கைப் புரட்டிப் பார்த்தார். ஒன்பது. துணி. விரலை வைத்தால் காற்று வந்தது. மூன்று வாரமாக மனப்பாடமாக இருந்த ஆய்வறிக்கை வரி வரியாக நினைவுக்கு வந்தது. குதிகால். வியர்வை. பென்சில் குறிப்பு. குளிக்கிற ஜென்மமா என்று கேட்டபோது தட்டச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அழிப்பு காலை பத்து மணிக்கு. ஒரு போன் போதும், நின்றுவிடும். கைபேசியை எடுத்து மேலதிகாரியின் எண் வரை போனார். என்ன சொல்வது என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ‘சார், அந்த ஷூ என்னோடது.’ எண்ணை அழுத்தாமலே திரையை அணைத்தார்.

“யாருக்குங்க போன்?”

“யாருக்கும் இல்லை. மணி பாத்தேன்.”

மறுநாள் கிடங்கு முற்றத்தில் தோல் ஷூ போட்டுக்கொண்டு நின்றார். பெட்டிகளைக் கிழித்துக் கிழித்துக் கொட்டினார்கள். காகிதம் சுற்றியது கலையாத புது ஷூக்கள். எந்திரம் பெரிய சத்தமெல்லாம் போடவில்லை, துணிதானே. எந்திரக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், பழசுன்னு சொன்னீங்க?” என்றார்.

“ஆர்டரைப் படி. ஷூவைப் படிக்காதே.”

தங்கை கணவர் கடைசிவரை அங்கேயே நின்றார். ஒரு பெட்டியில் வலது கால் ஷூ மட்டும் தனியாக இருந்தது. அதைக் கொண்டுவந்து நீட்டினார். “சாம்பிளோட ஜோடி மச்சான். இடது கால் உங்ககிட்டதான் இருக்கு.”

அறுபத்துநாலு அந்த ஷூவைத் தொடவில்லை. “அதையும் போடச் சொல்லுங்க” என்றார்.

அதையும் போட்டார்கள்.

மாலை நடையை அவர் நிறுத்தவில்லை. இடது ஷூ ஒரு நம்பர் பெரிது என்பதால் விரல் பக்கம் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்கிறார்.