கீறியவன் எங்கே போனான்

அறையை விட்டுப் போ என்று வீரபாண்டியிடம் யாரும் சொல்லவில்லை. முதலில் அவனுடைய தட்டை மட்டும் தனியாக எடுத்து ஜன்னலோரம் வைத்தார்கள். பிறகு அவன் குளித்துவிட்டு வந்ததும் பாத்ரூமில் பினாயில் ஊற்றினார்கள். ஒரு வாரம் கழித்து, கார்மேகம்தான் வாயைத் திறந்தான்.

“தப்பா நெனைக்காதீகண்ணே. செத்தவுகளத் தொட்ட கை. அதே கை சோத்துச் சட்டியில படுதுன்னா பயலுகளுக்கு உள்ள எறங்க மாட்டேங்குது.”

ஷார்ஜாவில் அந்த அறையில் இருந்த ஆறு பேருமே முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். மூத்தவர் ராமையா. வீரபாண்டி அவர் முகத்தைப் பார்த்தான். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலமே வீரபாண்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கிளீனிங் வேலை என்றுதான் விசா வந்தது. வந்த பிறகு கம்பெனி அவனை, இறந்தவர்களின் உடல்களை ஊருக்கு அனுப்புவதற்காகப் பதப்படுத்தும் நிலையத்தில் கொண்டு போட்டது. மருந்து ஏற்றுவது டெக்னீஷியன்களின் வேலை. கழுவுவது, துடைப்பது, துணி சுற்றுவது, பெட்டியில் கிடத்துவது எல்லாம் வீரபாண்டி. ஆஸ்பத்திரியில் டூட்டி என்று இரண்டு வருஷம் சொல்லிச் சமாளித்தான். விமான நிலைய கார்கோவில் பெட்டி இறக்கும்போது அறைக்காரன் ஒருவன் பார்த்துவிட்டான். ஊரில் இருக்கும் மனைவி அகிலாவுக்கு மட்டும் இன்னும் ஆஸ்பத்திரிதான்.

நிலையத்துக்குப் பின்னால் ஸ்டோர் ரூமாக இருந்ததைக் காலி பண்ணிக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு. தனக்கு மட்டும் சோறு வடித்துச் சாப்பிடுவது எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது அங்கே போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் ஆமிரா. எகிப்துக்காரி, ஐம்பது வயது இருக்கும். பெண்களின் உடல்களை அவள்தான் பார்த்தாள். அரபி பாதி, இந்தி பாதியாக இருவரும் பேசிக்கொள்வார்கள். அவனை ‘யா அகூயா’ என்பாள், சகோதரனே என்று அர்த்தம். ஒருநாள் டீ குடிக்கும்போது, அறையைக் காலி செய்த கதையை அவளிடம் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள்.

“உன் மேல கல்லு எறிஞ்சாங்களா? இல்லல்ல. எங்க ஊர்ல எறிஞ்சாங்க.”

“எப்ப?”

“பிரமிட் கட்டின ஆட்களோட நாட்டுல. செத்த உடம்பு கெடாம இருக்கணும்னா, இடது விலாவைக் கீறி உள்ளே இருக்கறத எடுக்கணும். எங்கே கீறணும்னு ஒருத்தன் கோடு போடுவான். இன்னொருத்தன் கல்லுக் கத்தியால கீறுவான். கீறின அந்த நிமிஷமே அவன் ஓடணும். சுத்தி நிக்கறவங்க எல்லாரும் திட்டிக்கிட்டே கல்லெடுத்துத் துரத்துவாங்க. செத்தவனைக் காயப்படுத்திட்டானாம்.”

“அவுகதான கீறச் சொன்னது?”

“ஆமா. அவங்கதான் சொன்னாங்க. அவங்கதான் எறிஞ்சாங்க. அப்புறம் உப்புல போட்டு, எண்ணெய் பூசி, துணி சுத்தினவங்களுக்கு நல்ல மரியாதை. கீறினவனுக்குத்தான் கல்லு.”

வீரபாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்தான். “ஓடினவன் எங்க போவான்?”

“அதை எழுதி வைக்கலை. பார்க்க வந்த வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் ஓடினது வரைக்கும்தான் எழுதி வச்சிருக்கான். கலாஸ், அவ்வளவுதான்.”

அந்தக் கேள்வி அவனை விடவில்லை. கல்லடி பட்டு ஓடியவன் அன்றைக்குச் சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போயிருப்பான்? கதவைத் திறந்துவிட அவனுக்கு ஆள் இருந்ததா? கழுவும்போதும் துடைக்கும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சைட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ராமையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பேப்பர்கள் சரியாகி சனிக்கிழமை உடல் நிலையத்துக்கு வந்தது. வேட்டி சட்டையைக் கொடுக்க வந்தவன் கார்மேகம்.

பார்சலை மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். கண் வீங்கியிருந்தது.

“அண்ணே, முகம் நல்லா இருக்கும்ல? ஊர்ல வீரம்மாக்கா புருசன் மொகத்தப் பாக்கணும்னு துடிச்சுக்கிட்டு இருக்காகளாம். நாலு நாளாச்சே.”

“நல்லா இருக்கும். நீ போ.”

மருந்து ஏற்றி முடிந்த பிறகு வீரபாண்டி மட்டும் உள்ளே நின்றான். ராமையாவின் நகங்களுக்குள் சிமெண்ட் ஏறியிருந்தது. பிரஷ் எடுத்து ஒவ்வொரு விரலாகச் சுத்தம் செய்தான். ஊருக்குப் போகிற கை, வேலைக்குப் போன கை மாதிரி இருக்கக் கூடாது என்று தோன்றியது. நாலு நாள் தாடியை மழித்தான். “நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ணே அன்னைக்கி” என்று மெதுவாகச் சொன்னான். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. வேட்டியைக் கட்டிவிட்டு மடிப்பை நீவிவிட்டான்.

வெளியே காத்திருந்த கார்மேகம், கையெழுத்து வாங்குகிற காகிதத்தை நுனியில் பிடித்து நீட்டினான். வீரபாண்டி கையெழுத்துப் போட்டதும் விரல் படாமல் திரும்ப வாங்கிக்கொண்டான். “வர்றேண்ணே” என்று நடந்தான். வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பினான். ஏதோ சொல்ல வருகிறான் என்று வீரபாண்டி நினைத்தான். அவன் செருப்பை மட்டும் சரி செய்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஞாயிறு, லீவு. அறையில் இருக்க முடியவில்லை. பெரிய அருங்காட்சியகத்தில் எகிப்து மம்மி இருப்பதாக ஆமிரா சொல்லியிருந்தாள். பஸ் பிடித்து அபுதாபி போனான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் தலை முதல் கால் வரை துணி சுற்றிப் படுத்திருந்தது. ஜனங்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வீரபாண்டி கால் பக்கம் போய்க் குனிந்தான். துணி சுற்றுவதில் கால்தான் கஷ்டம், குதிகாலில் நிற்காமல் வழுக்கும். சுற்றியவனுக்கும் வழுக்கியிருக்கிறது. துணி நீளம் போதாமல், வேறொரு துண்டைச் சேர்த்து, சேர்த்த இடம் வெளியே தெரியாமல் உள்ளே செருகியிருந்தான். மூவாயிரம் வருஷத்தில் ஒரு நூல் அசையவில்லை. ஏனோதானோ என்று செய்துவிட்டுப் போகிற கை அல்ல அது. இரண்டாவது தடவை அவிழ்த்துச் சுற்றிய கை.

பக்கத்தில் நின்றவரிடம் “இங்க பாருங்க, இந்த எடத்த” என்று தமிழிலேயே சொல்லிவிட்டான். அவர் புரியாமல் சிரித்துவிட்டு விலகினார்.

வெளியே வந்து கடலைப் பார்த்த ஒரு நிழலில் உட்கார்ந்து அகிலாவைக் கூப்பிட்டான்.

“என்ன இந்த நேரத்துல? டூட்டி இல்லையா?”

“அகிலா, நான் ஆஸ்பத்திரியில இல்ல.”

“ஐயோ, வேலையப் புடுங்கிட்டாகளா?”

“வேலை இருக்கு. வேற வேல.” எல்லாவற்றையும் சொன்னான். கழுவுவது, துணி சுற்றுவது, அறையைக் காலி பண்ணியது, ராமையா. சொல்லி முடித்த பிறகு மறுமுனையில் கோழி கத்துவது மட்டும் கேட்டது.

“அகிலா?”

“சாப்புடுறதுக்கு முன்னாடி கையக் கழுவுறீகளா?” என்று கேட்டாள்.

“கழுவுறேன்.”

“சரி. அடுப்புல ஒல வச்சிருக்கேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ராமையாவின் உடல் ஊர் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் அகிலாவிடமிருந்து போன் வந்தது. அவளே கூப்பிடுவது அபூர்வம்.

“ராமையாண்ணே வீட்டுக்குத் துட்டி கேக்கப் போயிட்டு வந்தேன். குளிச்சிட்டுத்தான் பேசுறேன்.”

“ம்.”

“பெட்டியத் தெறந்ததும் எல்லாரும் வாயில துணிய வச்சிக்கிட்டு எட்டி நின்னாக. வீரம்மாக்கா மட்டும் போயிப் பாத்துச்சு. மீசைய எப்பயும் போல மேல முறுக்கிவிட்டிருந்துச்சாம். ‘எம்புருசன் எம்புருசனாத்தான் வந்திருக்காரு’ன்னு கன்னத்தத் தடவித் தடவி அழுதுச்சு. அப்பறந்தான் மத்தவுகளும் கிட்டப் போனாக. மீசைய முறுக்குனது நீங்கதான?”

“ஆமா.”

“நான் யாருகிட்டயும் சொல்லல.”

“சொல்லாத.”

“உங்க அம்மாகிட்டகூடச் சொல்லல. சொன்னா, லீவுல வரும்போது எலயத் தனியாப் போட்டுருவாக உங்களுக்கு.”

“நீ?” என்று கேட்டான்.

“வாங்க, பாப்போம்” என்றாள். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. போனை வைத்த பிறகும் வீரபாண்டி அந்த இரண்டு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. “யா அகூயா, யல்லா, வா” என்று ஆமிரா கூப்பிட்டாள். கழுவிய டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் எழுந்து போனான்.